‘நெட் இல்லை’ என்று மூடிவைக்கும் முன்...

ஏழாம் வகுப்பில் அறிவியல் பாடவேளை. இதயம் சுருங்கி விரிவதைக் காட்டும் காணொலி ஒன்றை மாணவர்களுக்குக் காட்டலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை. “நெட் இல்லையா டீச்சர்?” என்று முதல் வரிசையிலிருந்து ஒரு குரல். “இல்லப்பா” என்று சொல்லி லேப்டாப்பை மூடிவிட்டு, கரும்பலகையில் இதயத்தை வரைந்து பாடத்தை நடத்தினேன். பாடம் நடந்தது. ஆனால் அந்த லேப்டாப் அன்று பீரோவுக்குள் போனது, இரண்டு வாரம் வெளியே வரவில்லை.

வேறொரு வேலைக்காக அதை வெளியே எடுத்த நாளில், அருகில் நின்ற எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி திரையின் மூலையைக் காட்டி, “டீச்சர், இதுல ஏரோப்ளேன் படம் இருக்கு” என்றாள். விமானப் பயன்முறை! விசைப்பலகையில் தவறுதலாக ஏதோ ஒரு விசையில் கை பட்டிருக்கிறது. அதே விசையை மீண்டும் அழுத்தியதும் வைஃபை வந்துவிட்டது. ஒரு நொடி வேலை. அதற்கு இரண்டு வாரம்.

அன்று எனக்கு வருத்தத்தைவிட வெட்கமே அதிகமாக இருந்தது. மாணவர்களிடம் “உற்றுநோக்கு, காரணம் தேடு” என்று தினமும் சொல்கிறோம். நமக்கு முன்னால் ஒரு பொருள் வேலை செய்யாமல் நின்றால், உற்றுநோக்காமலேயே மூடிவைத்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் பிறந்தது. லினக்ஸ் உள்ள லேப்டாப்பில் இணைய இணைப்பு போனால், எங்கே போயிற்று என்று நாமே கண்டுபிடிப்பது எப்படி? கணினி ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. கூட்டல் கழித்தலுக்கு வேண்டிய பொறுமை போதும்.

நம்மிடம் ஏன் லினக்ஸ்?

தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. இன்று உபுண்டு, மின்ட் போன்றவற்றையும் ஆசிரியர்கள் தாங்களாகவே நிறுவிக்கொள்கிறார்கள். பழைய கணினியிலும் ஓடும், உரிமக் கட்டணம் இல்லை, தமிழில் தட்டச்சு செய்யலாம் என்பவை காரணங்கள்.

சிக்கல் ஒன்றுதான். பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால், “இதை அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத் தரட்டுமா?” என்ற கேள்வி வரும். சரி என்று தலையாட்டிவிட்டால், பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த வினாத்தாள்களும் மாணவர் படைப்புகளின் படங்களும் சேர்ந்தே போய்விடக்கூடும். பல நேரங்களில் உண்மையான பழுது, ஒரு விசையை அழுத்தினால் சரியாகக்கூடியதாக இருக்கும்.

குழாயில் தண்ணீர் வராவிட்டால்...

பள்ளியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. என்ன செய்வோம்? பக்கத்துக் குழாயில் வருகிறதா என்று பார்ப்போம். அங்கே வந்தால் கோளாறு இந்தக் குழாயில். அங்கேயும் வராவிட்டால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்போம். தொட்டி காலி என்றால் மோட்டார், மின்சாரம், கிணறு என்று பின்னோக்கிப் போவோம். குழாயையே கழற்றிப் போட்டுவிட்டு வேறு வாங்க யாரும் ஓடுவதில்லை.

இணையமும் அப்படித்தான். லேப்டாப்பில் இருக்கும் வைஃபை அட்டை, அதை இயக்கும் மென்பொருள், ரௌட்டர் அல்லது கைபேசி ஹாட்ஸ்பாட், அது தரும் முகவரி, வெளியே போகும் பாதை, பெயரை எண்ணாக மாற்றும் சேவை, கடைசியில் உலாவி. இந்த ஏழு கண்ணிகளில் ஏதோ ஒன்று அறுந்தாலும் நமக்குத் திரையில் தெரிவது ஒன்றுதான்: பக்கம் திறக்கவில்லை. எந்தக் கண்ணி என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கை வைப்பதற்கு முன் இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி: மற்றவர்களுக்கு வருகிறதா? உங்கள் கைபேசியை அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள். இதில் ஒரு கவனம் தேவை. கைபேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கைபேசி தன் சொந்த இணையத்தில் பக்கத்தைத் திறந்துகாட்டி நம்மை ஏமாற்றிவிடும். கைபேசியிலும் வரவில்லை என்றால் லேப்டாப்பின் மேல் பழி இல்லை. ரௌட்டரையோ இணைப்பு தருபவரையோ பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: கடைசியாக நன்றாக வேலை செய்தபிறகு என்ன மாறியது? ரௌட்டரின் கடவுச்சொல் மாறியதா? லேப்டாப்பில் புதுப்பித்தல் நடந்ததா? பயிற்சிக்குப் போன இடத்தில் யாராவது அமைப்புகளை மாற்றினார்களா? பேட்டரி முழுதாகத் தீர்ந்து நின்றதா? இதற்கான பதில் பெரும்பாலும் நேராகக் கோளாறிடமே கொண்டுபோய் விடும்.

நடுவிலிருந்து தொடங்குங்கள்

லினக்ஸில் டெர்மினல் என்ற கறுப்புச் சாளரம் ஒன்று உண்டு. உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். பார்த்ததும் பலருக்குத் தயக்கம் வரும். அதில் நாம் செய்யப்போவது கேள்வி கேட்பது மட்டுமே. கேள்வி கேட்பதால் எதுவும் கெட்டுவிடாது. கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்த வேண்டும்.

முதலில் பிங் என்று தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுங்கள். இது கூகுள் நடத்தும் ஒரு பொதுச் சேவையின் முகவரி. “இருக்கிறாயா?” என்று ஒரு சிறு செய்தி அங்கே போகும். பதில் வந்தால் வரிக்கு வரி நேரத்துடன் திரையில் காட்டும். நிறுத்தச் சொல்லும்வரை போய்க்கொண்டே இருக்கும். கன்ட்ரோல் விசையுடன் சி-யை அழுத்தினால் நிற்கும்.

ஏன் இதை முதலில் செய்கிறோம்? ஏழு கண்ணிகளில் இது ஐந்தாவதைத் தொட்டுப் பார்க்கிறது. பதில் வந்தால் அட்டை, மென்பொருள், ரௌட்டர், முகவரி, வெளிப்பாதை ஐந்தும் நலம். பெயர் சேவையையும் உலாவியையும் மட்டும் பார்த்தால் போதும். பதில் வராவிட்டால் கோளாறு முதல் ஐந்தில். ஒரே கேள்வியில் தேடும் பரப்பு சுருங்கிவிடுகிறது. சில நிறுவன வலையமைப்புகளில் பிங் செய்தியைத் தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே மட்டும் பதில் வராததை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

கண்ணி 1: வைஃபை அணைந்திருக்கிறதா?

பிங் தோற்றால் முதலில் திரையின் மூலையைப் பாருங்கள். விமானப் படம் இருக்கிறதா? விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானமோ அலைவீசும் கோபுரமோ வரைந்த விசையை, தேவைப்பட்டால் எஃப்என் விசையுடன் சேர்த்து அழுத்துங்கள். சில பழைய லேப்டாப்களில் பக்கவாட்டில் வைஃபைக்கென்றே தனிச் சுவிட்சு இருக்கும்.

திரையில் தெளிவாகத் தெரியாவிட்டால் டெர்மினலில் ஆர்எஃப்கில் லிஸ்ட் என்ற கட்டளையைக் கொடுங்கள். ஆர், எஃப் என்ற இரண்டு எழுத்துகளுடன் ‘கில்’ என்பதை ஒட்டி எழுத வேண்டும். சாஃப்ட் பிளாக்டு, ஹார்டு பிளாக்டு என்று இரண்டு வரிகள் வரும். முதலாவதற்கு எதிரே ‘எஸ்’ என்று இருந்தால் மென்பொருள் வழியாக அணைக்கப்பட்டிருக்கிறது. ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்று கொடுத்தால் திறந்துவிடும். வைஃபை என்பதை நடுவில் கோடில்லாமல் எழுத வேண்டும். இரண்டாவதற்கு எதிரே ‘எஸ்’ என்று இருந்தால் எந்தக் கட்டளையும் உதவாது. சுவிட்சையோ விசையையோ கையால் தேட வேண்டும்.

கண்ணி 2: லேப்டாப்புக்கு அட்டை தெரிகிறதா?

வைஃபை என்ற பகுதியே அமைப்புகளில் காணவில்லையா? டெர்மினலில் ஐபி லிங்க் என்று கேளுங்கள். ‘எல்ஓ’ என்ற பெயர் எப்போதும் இருக்கும். அது கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் வழி. ‘ஈஎன்’ என்று தொடங்குவது கம்பி இணைப்பு. ‘டபிள்யூஎல்’ என்று தொடங்குவது வைஃபை. அந்தப் பெயரே இல்லை என்றால் லினக்ஸுக்கு அட்டையை இயக்கத் தெரியவில்லை என்று பொருள்.

அடுத்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை. லேப்டாப்புக்குள் பொருத்தியிருக்கும் பாகங்களின் பட்டியல் வரும். அதில் வைஃபை அட்டையின் பெயர் இருந்து, முந்தைய பட்டியலில் மட்டும் இல்லை என்றால், பாகம் இருக்கிறது, அதை இயக்கும் மென்பொருள் இல்லை. இரண்டிலும் இல்லை என்றால் அட்டை கழன்றிருக்கலாம் அல்லது பழுதாகியிருக்கலாம். அப்போதுதான் கடைக்குப் போக வேண்டும்.

மென்பொருள் ஏன் இல்லாமல் போகிறது? சில அட்டைகளுக்கு அவற்றைத் தயாரித்தவரே தரும் ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல் தேவை. கட்டற்ற உரிமம் இல்லாத இத்தகைய நிரல்களை டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் நீண்ட காலம் சேர்க்காமல் இருந்தது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பில்தான் சேர்த்தது. அதனால் பழைய டெபியன் வகைகளை நிறுவியதும் வைஃபை மட்டும் வராமல் போவது வழக்கம். உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் என்ற செயலியைத் திறந்தால் தேவையானதை அதுவே தேடித் தரும்.

“இணையம் இருந்தால்தானே தேடும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் கைபேசி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியைச் சார்ஜ் செய்யும் கேபிளால் லேப்டாப்புடன் இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும்; தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. அவசரத்துக்கு வருகைப்பதிவை முடிக்கவும் இதுவே கைகொடுக்கும். கேபிள் மின்னேற்றத்துக்கு மட்டுமானதாக இல்லாமல், தரவையும் கடத்துவதாக இருக்க வேண்டும்.

நேற்றுவரை வந்த வைஃபை, புதுப்பித்தலுக்குப் பிறகு காணாமல் போனால், கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்பதற்குள் சென்று பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் வைஃபை வந்தால் காரணம் புதுப்பித்தல்தான் என்று உறுதியாகிவிடும்.

இரண்டு இயங்குதளங்களும் உள்ள லேப்டாப்பில் இன்னொரு வேடிக்கை நடக்கும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருந்தால், ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் அது அரைத்தூக்கத்தில்தான் போகும். வைஃபை அட்டையையும் சில நேரங்களில் பிடித்துவைத்துக்கொள்ளும். பிறகு லினக்ஸில் வந்தால் அட்டை எழுந்திருக்காது. விண்டோஸுக்குப் போய் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, அங்கிருந்து லினக்ஸுக்குள் வாருங்கள். ரீஸ்டார்ட் என்பது முழுமையாக அணைத்துத் தொடங்குவது. அந்த வசதியையே நிறுத்திவைத்தால் தொல்லை தீரும்.

கண்ணி 3: ரௌட்டருடன் கைகுலுக்கியாயிற்றா?

அட்டை இருக்கிறது, வலையமைப்புகளின் பெயர்ப் பட்டியலும் வருகிறது, ஆனால் நம்முடையதில் இணைய மறுக்கிறது. பெரும்பாலும் காரணம், மாறிவிட்ட கடவுச்சொல். பழைய கடவுச்சொல்லையே லேப்டாப் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கும். அமைப்புகளில் அந்த வலையமைப்பின் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரக் குறியைச் சொடுக்கி, ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டு, புதிதாக இணையுங்கள்.

நம் வலையமைப்பின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை, மற்றவை தெரிகின்றன என்றால் அலைவரிசையைச் சந்தேகியுங்கள். பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். கைபேசி ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் அதன் பெயர்கூட லேப்டாப்பின் கண்ணில் படாது. ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 என்று மாற்றினால் உடனே தெரியும். கனத்த சுவர்களைத் தாண்டியும் 2.4தான் கொஞ்சம் நன்றாகச் செல்லும்.

கண்ணி 4: முகவரி கிடைத்ததா?

இணைந்துவிட்டது என்று காட்டுகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை. ஐபி என்று எழுதி, இடைவெளி விட்டு, ஏ என்ற எழுத்தைக் கொடுங்கள். வைஃபைக்கு எதிரே 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் எண் இருந்தால் பெரும்பாலும் நலம்.

இந்த எண்ணை வகுப்பறை வரிசை எண்ணோடு ஒப்பிடலாம். வரிசை எண் 5 எல்லா வகுப்பிலும் இருக்கிறது. வகுப்புக்குள் அது போதும். அதுபோல 192.168.1.5 என்ற முகவரி உங்கள் பள்ளியிலும் இருக்கும், அடுத்த ஊர்ப் பள்ளியிலும் இருக்கும். ஒரே வலையமைப்புக்குள் மட்டும் இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் இருக்கக் கூடாது. எண்களைப் பிரித்துக் கொடுக்கும் வகுப்பாசிரியர் வேலையை ரௌட்டர் செய்கிறது. அந்த முறைக்கு டிஎச்சிபி என்று பெயர்.

எண் எதுவுமே இல்லை என்றாலோ, 169.254 என்று தொடங்கினாலோ, வகுப்பாசிரியரிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். வைஃபையை அணைத்து மீண்டும் போடுங்கள். முடியாவிட்டால் ரௌட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். ஹாட்ஸ்பாட் என்றால், ஏற்கெனவே அனுமதித்த எண்ணிக்கையில் கருவிகள் இணைந்துவிட்டனவா என்று பாருங்கள். கடைசியாக, அமைப்புகளில் ஐபிவி4 என்ற பகுதியில் ஆட்டோமேட்டிக் என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு அலுவலகத்தில் யாரோ கையால் எழுதிவைத்த எண் அங்கே அப்படியே தங்கியிருந்தால், நம் பள்ளியில் அது செல்லாது.

கண்ணி 5: வெளியே போக வழி இருக்கிறதா?

ஐபி ரூட் என்று கேட்டால் டிஃபால்ட் வயா என்ற சொற்களுக்குப் பின் ஓர் எண் வரும். அதுதான் ரௌட்டரின் முகவரி. பள்ளியின் வாயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்குப் பிங் கொடுங்கள். வாயில்வரை பதில் வருகிறது, 8.8.8.8 மட்டும் வரவில்லை என்றால் உங்கள் லேப்டாப் குற்றமற்றது. வெளியே கேபிள் அறுந்திருக்கலாம், கட்டணம் நிலுவையில் இருக்கலாம், டேட்டா தீர்ந்திருக்கலாம். இணைப்பு தருபவரை அழைக்கும்போது, “ரௌட்டர்வரை பிங் போகிறது, அதற்கு அப்பால் போகவில்லை” என்று சொல்லிப் பாருங்கள். “லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்ற பதிலோடு அவர்கள் நிறுத்திக்கொள்ள முடியாது.

கண்ணி 6: பெயர் தெரியவில்லையா?

8.8.8.8 பதில் தருகிறது. தளத்தின் பெயரைக் கொடுத்துப் பிங் செய்தால் ‘டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்’ என்று வருகிறது. கோளாறு டிஎன்எஸ் சேவையில். நாம் பெயரால் அழைக்கிறோம். கணினிகள் எண்ணால் பேசுகின்றன. பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் தொலைபேசிக் கையேடு போன்றது டிஎன்எஸ். நண்பரின் வீட்டுத் தொலைபேசி நன்றாகவே இருக்கிறது, எண்தான் நமக்குத் தெரியவில்லை என்ற நிலை இது.

அமைப்புகளில் ஐபிவி4 பகுதியில் டிஎன்எஸ் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக்கை நிறுத்தி, 8.8.8.8, 1.1.1.1 என்ற இரண்டையும் காற்புள்ளியிட்டு எழுதிச் சேமியுங்கள். வைஃபையை அணைத்துப் போட்டால் மாற்றம் நடைமுறைக்கு வரும். பொறுப்பாளர் ஒருவரின் மேற்பார்வையில் உள்ள ஆய்வகத்தில் அவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். மாணவர்களுக்குப் பொருந்தாத தளங்களை டிஎன்எஸ் வழியாகவே அங்கே தடுத்து வைத்திருக்கலாம்.

கண்ணி 7: தேதியைப் பாருங்கள்

எல்லாம் சரி, உலாவி மட்டும் “இணைப்பு பாதுகாப்பானது அல்ல” என்று எல்லாத் தளங்களுக்கும் எச்சரிக்கிறதா? லேப்டாப்பின் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உள்ள சான்றிதழ் ஒன்று இருக்கிறது. லேப்டாப் 2012ஆம் ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் நம்ப மறுக்கிறது. தேதியைத் திருத்தினால் போதும். மீண்டும் மீண்டும் பின்னால் போனால், கடிகாரத்துக்கான சிறு பேட்டரி உயிரிழந்திருக்கும். பல கணினிகளில் அது சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரி. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதே அந்தப் பெயரின் பொருள்.

நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் பிசகினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். விண்டோஸ் கணினிக் கடிகாரத்தில் இந்திய நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, மேலும் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்காட்டுகிறது. நாம் சமூக அறிவியலில் நடத்தும் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோடுதான் லேப்டாப்பின் மூலையில் வந்து நிற்கிறது.

விட்டுவிட்டு வந்தால்

வருகிறது, சற்றுநேரத்தில் போகிறது, மீண்டும் வருகிறது என்றால் மின்சேமிப்பு காரணமாக இருக்கலாம். பேட்டரியை மிச்சப்படுத்த வைஃபை அட்டை அவ்வப்போது உறங்கும்; சில அட்டைகள் எழுந்திருக்கத் தாமதிக்கும். சார்ஜரில் இணைத்ததும் சரியாகிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. லேப்டாப்பை மூடித் திறந்த பிறகு மட்டும் இணைப்பு போகிறதென்றால், சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நெட்வொர்க்மேனேஜர் என்ற கட்டளை பெரும்பாலும் எழுப்பிவிடும். கடைசிச் சொல்லில் என், எம் இரண்டும் பெரிய எழுத்துகளாக இருக்க வேண்டும். லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுவேறாகவே பார்க்கும். கடவுச்சொல் கேட்கும்போது நீங்கள் தட்டச்சு செய்வது திரையில் தெரியாது. பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான்.

சூடோ என்பது கணினியின் முழு அதிகாரத்தையும் கையில் எடுப்பது. எங்கோ படித்த கட்டளையை, என்ன செய்யும் என்று தெரியாமல் சூடோ சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

வகுப்பறைக்கு எடுத்துச் செல்வோம்

தொடக்க வகுப்பில் எட்டுக் குழந்தைகளை வரிசையில் நிறுத்துங்கள். ஓர் அட்டையை முதுகுக்குப் பின்னால் கைமாற்றி அனுப்பச் சொல்லுங்கள். யாரோ ஒருவர் மட்டும் அடுத்தவருக்குத் தராமல் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டை யாரிடம் நின்றது? ஒரு குழந்தை கண்டுபிடிக்க வேண்டும். கேட்கலாம், ஆனால் “உன்னிடம் அட்டை வந்ததா?” என்று மட்டும். முதலில் குழந்தைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கேட்பார்கள். “ஐந்தாமவரைக் கேட்டால் என்ன ஆகும்?” என்று எடுத்துக்கொடுங்கள். வந்தது என்றால் கடைசி நால்வரில் ஒருவர். வரவில்லை என்றால் முதல் நால்வரில் ஒருவர். மூன்றே கேள்வியில் ஆள் அகப்படுவார். நாம் முதலில் பிங் கொடுத்ததும் இதே விளையாட்டுதான்.

உயர்நிலை வகுப்பில் பிங் காட்டும் நேரத்தைக் கணக்காக்கலாம். இந்த நிரலை அமெரிக்காவின் மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதினார். நீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தால் தொலைவை அறியும் சோனார் கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். பதில் 10 மில்லிநொடியில் திரும்பினால், போக வர 2000 கிலோமீட்டருக்கு மேல் இருக்க முடியாது. ஆகவே அந்தக் கணினி 1000 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எதிரொலிப் பாடத்தில் வகுக்கும் அதே இரண்டு!

கணினி உள்ள பள்ளிகளில் இன்னொன்றும் செய்யலாம். நீங்களே ஒரு கோளாறை உருவாக்குங்கள்: விமானப் பயன்முறையைப் போடுங்கள், தேதியை மாற்றுங்கள், தவறான டிஎன்எஸ் எழுதுங்கள். மாணவர் குழு கண்டுபிடிக்கட்டும். விதிகள் மூன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்று, மாற்றியதை எழுது, பயன் இல்லையென்றால் பழையபடி வை. இந்த மூன்றும் ஆய்வகத்திலும் உதவும், வாழ்க்கையிலும் உதவும்.

எங்கள் பள்ளியில் இப்போது லேப்டாப்புடன் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. தேதி, என்ன நடந்தது, எதைப் பார்த்தோம், எது சரிசெய்தது என்று நான்கு கட்டங்கள். முதல் பதிவு அந்த மாணவியின் கையெழுத்தில் இருக்கிறது: “விமானப் படம். விசையை அழுத்தினோம். வந்தது.” அடுத்து வரும் ஆசிரியருக்கு அந்த நோட்டு ஒரு கையேடு.

இணையம் இல்லாத நாள் வரத்தான் செய்யும். முக்கியமான காணொலிகளை முன்னதாகவே பதிவிறக்கி வைத்துக்கொள்வோம். கரும்பலகையும் சாக்பீஸும் நம்மை எப்போதும் கைவிட்டதில்லை. ஆனால் அடுத்தமுறை “நெட் இல்லையா டீச்சர்?” என்று ஒரு குரல் கேட்டால், மூடிவைப்பதற்கு முன் இப்படிச் சொல்லிப் பார்ப்போம்: “எங்கே போச்சுன்னு தெரியலையே. வா, சேர்ந்து தேடலாம்.”